பச்சை ஒட்டாத இடம்

அதியமான்கோட்டை
5-5-1987

அன்புள்ள அண்ணிக்கு, சவரிராயன் எழுதுவது.

என் எழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்கள் என்று தெரியும். உங்கள் தங்கை தங்கம்மாளாவது பிரித்துப் படித்துக் காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை நடுப்பூசையில் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மகள் புஷ்பமேரியின் கையைப் பிடித்து வெளியே நடந்தீர்கள். கோபம் வீடு வரைக்கும்தான் என்று நினைத்தேன். கல்யாணப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அரூர் பஸ் ஏறிவிட்டீர்கள் என்று டீக்கடைச் சென்றாயன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இருபத்தேழாம் தேதி கல்யாணம். பந்தல்காரன் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல் நமக்குக் கல்யாணம் உண்டா? முதல் ஓலையைச் சாமியார் வாசித்தார். "காலஞ்சென்ற யாகப்பன், இன்னாசியம்மாள் இவர்களின் மகள் புஷ்பமேரி" என்றார். "காலஞ்சென்ற" என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

எட்டு வருஷம் ஆகிறது, அண்ணி. தொப்பூர் கணவாயில் அண்ணனின் ஆஸ்டின் டாக்சி மட்டும் ஓரமாக நின்றது. பானெட் திறந்திருந்தது. ரேடியேட்டர் வற்றிக் கிடந்தது. தண்ணீர் பிடிக்கிற தகர டப்பாவைக் காணோம், அண்ணனையும் காணோம். சேலம், பெங்களூர், கோலார் என்று நான் தேடாத ஊர் இல்லை. சும்மா "யாகப்பன்" என்று வாசித்தால் சம்பந்தி வீட்டார் "அப்பன் எங்கே, ஓடிப்போனவனா?" என்று கேட்க மாட்டார்களா? ஓடிப்போனவர் என்பதைவிடப் போய்ச் சேர்ந்தவர் என்பது என் அண்ணனுக்குக் கௌரவம். தவிரவும், எனக்கு அவரை நினைத்து அழுது முடிக்க ஒரு நாள் வேண்டும். எட்டு வருஷமாக நீங்கள் அதைக் கொடுக்கவில்லை.

வண்டி விஷயம். அப்பனின் ஆஸ்டினில்தான் மகள் கோயிலுக்குப் போகவேண்டும் என்று கேட்டது நீங்கள்தான், அதனால் சொல்கிறேன். பாடி வேலை முடிந்தது. இன்ஜினை இறக்கி மரச்சட்டத்தில் நிறுத்தியிருக்கிறேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காஸ்டிக் சோடா போட்ட கொதிநீரில் கழுவி, கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் போட்டுத் தேய்த்ததில், பழைய அழுக்கெல்லாம் போய் இரும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாதுதான். நீங்கள் போன ஆத்திரத்தில் அன்று மத்தியானமே ஸ்ப்ரே கன்னை எடுத்துப் பச்சைப் பெயிண்டும் அடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால் மேனியெல்லாம் கண்ணாடி மாதிரி காய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் ஒட்டாமல் விலகி, அடி இரும்பு தெரிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு மீதி இருந்தால் இப்படி ஆகும். திரும்பத் தேய்த்து அடிக்கிறேன். பார்ப்பதற்குக் கை வைத்த மாதிரி இருக்கிறது என்று சென்றாயன் சொல்லிவிட்டு, டீ கிளாசை வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு எப்போதும் இப்படி ஏதாவது தோன்றும்.

புஷ்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சவரிராயன்


சேசு மரி சூசை

அரூர்
7-5-87

சவரிராயனுக்கு,

அன்புள்ள என்று போட எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தை அடுப்பில் போடவில்லை. போட்டிருக்கலாம்.

என் புருஷனுக்குச் சாவு வைக்க நீ யார்? பிணத்தைப் பார்த்தாயா? மண் போட்டாயா? உன் கௌரவத்துக்காக ஒரு மனுஷனைச் சாகடிப்பாயா? எட்டு வருஷமாக நான் பூ வைக்கிறேன், கலர் சேலை கட்டுகிறேன். ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என் காதுபடவே சொன்னார்கள், "புருசன் எங்கியோ ஒருத்தி வூட்ல இருக்கறான், இவளுக்கு மல்லிப்பூ கேக்குது" என்று. அவர் எவள் வீட்டில் இருந்தாலும் சரி. இருந்தால் போதும். இதை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

ஓலை முடிந்ததும் புஷ்பா என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மா, சித்தப்பாவுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குது, நம்மகிட்ட சொல்லல, அப்படித்தான?" என்றாள். பெண் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தச் சொல் வரக்கூடாது. வந்தால் கல்யாணத்தன்று நேராகக் கோயிலுக்கு வருவேன், உன் வாசலை மிதிக்க மாட்டேன். நீயும் இங்கே வராதே.

ஒன்று கேட்கவேண்டும். கேட்பதா வேண்டாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடிவிட்டேன். அந்தப் பெயிண்ட் ஒட்டாத இடம் எந்தக் கை? விரல் எல்லாம் முழுசாக இருக்கிறதா?

இன்னாசியம்மாள்


அதியமான்கோட்டை
12-5-1987

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்டபிறகுதான் நான் சரியாகப் பார்த்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

இடது கை. மோதிர விரல் பாதி.

உடனே மாதாவே என்று மாரில் கை வைக்காதீர்கள், சொல்வதைக் கேளுங்கள். ஃபேன் பெல்ட்டில் அந்த விரல் பாதி போனதிலிருந்து அண்ணனுக்கு ஒரு பழக்கம் வந்தது, உங்களுக்கே தெரியும். சவாரிக்குக் கிளம்புமுன் அந்தோணியார் கெபி விளக்கு எண்ணெயில் உள்ளங்கையைத் தோய்த்து வந்து, பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் அழுத்தி வைப்பார். "வலது கை ஆண்டவருக்கு, இடது கை ஆஸ்டினுக்கு" என்று சிரிப்பார். சூடான வார்ப்பிரும்பு எண்ணெயைக் குடிக்கும். பல வருஷம் ஒரே இடத்தில் குடித்த எண்ணெய் மேலே கழுவினால் போகாது. பெயிண்ட்டின் கீழே இருந்து கசியும். இதுதான் சங்கதி. இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

ஓலையில் அந்தச் சொல்லை நான் எடுக்கவில்லை. இரண்டாம் ஓலையும் அப்படியேதான் வாசித்தார்கள். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

திங்கட்கிழமை மறுபடியும் சுரண்டி, இரண்டு மடங்கு காஸ்டிக் போட்டுக் கழுவி, தின்னரில் துடைத்து, வெறும் கை படக்கூடாதென்று துணி சுற்றிக்கொண்டு பச்சை அடித்தேன். இன்று காலை பார்த்தேன். முதல் இடம் சுத்தமாகப் பிடித்திருக்கிறது. அதற்கு ஒரு சாண் கீழே புதிதாக ஒன்று. அதே கை, அதே பாதி விரல். முன்பு விரல்கள் மேல்நோக்கி விரிந்திருந்தன. இப்போது இன்ஜினின் விளிம்பைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறவன் கை மாதிரி வளைந்திருக்கின்றன.

எண்ணெய்க்கு இடம் மாறத் தெரியாது என்பீர்கள். தினமும் அளந்தா கை வைத்திருப்பார்? அங்கேயும் வைத்திருப்பார், இங்கேயும் வைத்திருப்பார். அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஷெட்டில் தனியாக வேலை செய்யப் பிடிக்கவில்லை. சென்றாயனை வந்து உட்காரச் சொன்னேன். "வேற எங்க வேணாலும் கூப்புடு சவரி, அங்க மட்டும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். வெயில் தாங்கமுடியவில்லை. ஊரில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் இல்லை. எல்லாரும் பழைய கிணறுகளைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சவரிராயன்


சேசு மரி சூசை

அரூர்
14-5-87

அன்புள்ள தம்பிக்கு,

அன்புள்ள என்று போட்டிருக்கிறேன், பார். உன் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. தங்கம்மாள் பயந்துபோய்ச் சாம்பிராணி போட்டாள். எனக்குப் பயமில்லை. மனசு அப்படியே நிறைந்துவிட்டது.

நீ வேலை தெரிந்தவன், எண்ணெய் என்கிறாய். நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். கோயிலில் ஓலை எதற்கு வாசிக்கிறார்கள்? "இதில் தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லக் கடவார்கள்" என்று சாமியார் முடிக்கிறாரே, எதற்கு? ஓலையில் தப்பு இருந்தால் தெரிந்தவர் வந்து சொல்லத்தானே? முதல் ஓலையில் அவரைச் செத்தவர் என்றாய். மறுநாளே வந்து சொன்னார். இரண்டாம் ஓலையிலும் சொன்னாய். மறுபடி வந்து சொன்னார். கோயிலுக்கு வர முடியாதவர் வேறு எங்கே வந்து சொல்வார்? தன் வண்டியிடம்தான் வருவார்.

அவர் எங்கேயோ இருக்கிறார். வர வழி தெரியாமல் இருக்கிறார். செத்தவன் என்று கோயிலிலேயே சொன்னபிறகு எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவார்? உன் காலில் விழுகிறேன் தம்பி, மூன்றாம் ஓலையில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிடு. யாகப்பன் மகள் என்று மட்டும் வாசிக்கட்டும். ஊர் எதுவும் பேசிக்கொண்டு போகட்டும்.

நீ அழுது முடிக்க ஒரு நாள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். எனக்கு மட்டும்தான் அவர் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவேளை வந்துவிட்டால், புஷ்பாவைக் கோயிலுக்குள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். இல்லாவிட்டால் நீ போ. இரண்டில் எதுவானாலும் நான் உன்னோடு பேசுவேன்.

இன்னாசியம்மாள்


அதியமான்கோட்டை
19-5-1987

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்டபடி செய்தாயிற்று. சனிக்கிழமை சாமியாரைப் பார்த்து அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யோசிச்சுத்தான் சொல்றியா சவரி? பேருக்கு முன்னாடி ஒண்ணும் இல்லாம வாசிச்சா, இருக்கறவருன்னு அர்த்தம். கல்யாணத்துக்கு வந்து நிக்கணும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஞாயிற்றுக்கிழமை "யாகப்பன், இன்னாசியம்மாள் இவர்களின் மகள்" என்று வாசித்தார். கோயில் முழுக்க முணுமுணுத்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணன் பெயரைக் கேட்டுத் தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்கு முந்தி இன்ஜினுக்கும் ஒரு முடிவு கட்டிவிட்டேன். காஸ்டிக்குக்கும் போகாதது, தின்னருக்கும் போகாதது, மண்ணெண்ணெய்க்கும் போகாதது நெருப்புக்குத்தான் போகும். செங்கல் அடுக்கி, நடுவில் இன்ஜின் பிளாக்கை வைத்து, சுற்றிலும் கொட்டாங்கச்சிக் கரி போட்டு மெதுவாகச் சூடேற்றினேன். உள்ளே குடித்திருந்த எண்ணெயெல்லாம் வேர்வை மாதிரி துளித்துத் துளித்துப் புகைந்தது. கோயில் விளக்கு வாசனை தெருமுனை வரை அடித்ததாம். சென்றாயன் கடையில் டீ குடித்தவர்கள் யாருக்குத் திருவிழா என்று கேட்டார்களாம்.

ஆறவிட்டு, திங்கட்கிழமை புதிதாக ரெட் ஆக்சைடும் சாயங்காலம் பச்சையும் அடித்தேன். அண்ணி, இப்படி ஒரு பெயிண்ட் நான் அடித்ததில்லை. ஒரு புள்ளிகூட விலகவில்லை. உங்களைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருந்தது. ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போனேன்.

இன்று காலை வந்து திறந்தால் எவனோ ஈரத்தில் கை வைத்திருக்கிறான். போன தடவைகள் மாதிரி பெயிண்ட் தானாக விலகியதல்ல இது. உள்ளங்கை முழுவதையும் அழுத்தி, பச்சையை அப்பிக்கொண்டு போயிருக்கிறான். ரேகைகூடத் தெரிந்தது. கதவின் உள்தாழ்ப்பாளிலும் பச்சை. வெளியே பூட்டு பூட்டியபடியே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சென்றாயனைப் போய்ப் பிடித்தேன். பாவம், இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "எம் மேல சத்தியம் சவரி, அந்த வண்டி கிட்ட நான் போவேனா?" என்று அழுதேவிட்டான்.

எந்தக் கை, எத்தனை விரல் என்று கேட்பீர்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தின்னர் துணியால் துடைத்துத் திரும்ப அடித்துவிட்டேன். பார்க்க எனக்குத் தைரியமில்லை, அதுதான் உண்மை.

இனி நாளைக்கு இன்ஜினை ஏற்றிவிடுவேன். சனிக்கிழமை நானே வண்டியை அரூருக்கு ஓட்டிவந்து உங்களைக் கூட்டிப்போகிறேன். மறுக்காதீர்கள்.

சவரிராயன்


தர்மபுரி
21-5-1987

அன்புள்ள அண்ணிக்கு,

தந்தி கொடுக்கத்தான் தபாலாபீசுக்கு வந்தேன். தந்தியில் இந்தச் சேதியை எப்படி எழுதுவது? நேரில் வரலாமென்றால் போலீசார் நாளைக்கும் இருக்கச் சொல்கிறார்கள். தங்கம்மாளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

தொப்பூரில், அண்ணன் வண்டி நின்ற வளைவுக்குக் கீழே, புதர் மூடிய பாழுங்கிணறு ஒன்று இருக்கிறது. இந்த வறட்சியில் ஊற்று ஏதாவது கிடைக்குமா என்று நேற்று மாதப்பன் என்பவரின் ஆட்கள் இறங்கித் தோண்டியிருக்கிறார்கள். மண்ணுக்கடியில் அண்ணன் இருந்தார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடி இறங்கியவர் விழுந்திருக்கிறார். டிரைவர் பேட்ஜ் இருந்தது, அவர் நம்பர்தான். கழுத்து உத்தரியத்தின் கயிறு இருந்தது. தகர டப்பாவும் பக்கத்திலேயே இருந்தது. நாம் எத்தனை தடவை அந்த வளைவில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்போம், அண்ணி.

அவர் ஓடிப்போகவில்லை. ஒருத்தி வீட்டிலும் இல்லை. நம்மை விட்டு அவர் எங்கேயும் போகவில்லை. இதை ஊருக்கே கேட்கும்படி நான் சொல்வேன்.

அடையாளம் காட்டச் சொன்னார்கள். இடது கையைப் பார்த்தேன். மோதிர விரலில் பாதி எலும்புதான். உள்ளங்கை எலும்பெல்லாம் பச்சை. பாசி என்று ஏட்டு சொன்னார். எட்டு வருஷமாகத் தண்ணீரே இல்லாத கிணற்றில் பாசி எப்படி வரும்? நான் விரலால் தொட்டேன். என் விரலில் ஒட்டியது. முப்பது வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறேன், எது காய்ந்தது எது ஈரம் என்று எனக்குத் தெரியாதா?

அந்தச் சொல்லை நாம் எடுத்திருக்கக்கூடாது அண்ணி. நீங்கள் பயப்படவேண்டாம். ஆனால் யார் வந்து கதவைத் தட்டினாலும் யாரென்று கேட்காமல் திறக்காதீர்கள். புஷ்பாவைத் தனியாக விடாதீர்கள். சாமியாரையும் அழைத்துக்கொண்டு சனிக்கிழமை வருகிறேன்.

சவரிராயன்


சேசு மரி சூசை

அரூர்
21-5-87

என் அன்புத் தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வந்துவிட்டார்! நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் வந்துவிட்டார்!

முற்றத்தில் யாரோ நிற்கிறமாதிரி இருந்தது. நாய் குரைக்கவே இல்லை, கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது. எட்டிப் பார்த்தேன். அதே காக்கிச் சட்டை, தலையெல்லாம் மண், கையில் அந்தத் தகர டப்பா. எட்டு வருஷமாகத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தோமே, அதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். நான் காலில் விழுந்து அழுதேன். இரவு முழுவதும் எழுந்திருக்காமல் அவர் பக்கத்திலேயே இருந்தேன்.

ரொம்பத் தளர்ந்திருக்கிறார். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் சொம்பை நீட்டுகிறார். ஒரே ஒரு பேச்சுதான் பேசுகிறார். "வண்டி கொதிக்குது, தண்ணி வேணும்" என்கிறார். சொம்பு சொம்பாகக் குடிக்கிறார், தாகம் அடங்கவில்லை. தங்கம்மாள் காலையிலேயே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். அவள் கிடக்கிறாள். போகப்போகச் சரியாகிவிடும்.

உன் செவ்வாய்க்கிழமைக் கடிதம் இப்போதுதான் வந்தது. நான் பிரித்ததும் அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். உன் எழுத்தைப் பார்த்ததும் ஆசை போலிருக்கிறது. ஓலை வாசித்த விஷயமும் அதற்கடுத்த இரண்டு வரியும் மட்டும் படிக்க முடிந்தது. நீ செய்த நல்ல காரியத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன், நீ கூப்பிட்டதால்தான் அவர் வந்தார்.

ஒரு சின்னக் கவலை. அவர் இடது கை உள்ளங்கை முழுக்கப் பச்சைப் பெயிண்ட். வழியில் உன் ஷெட்டுக்கு வந்து வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருப்பார், அவருக்கு அதன்மேல் அவ்வளவு உயிர். தொட்ட இடமெல்லாம் பச்சை. புஷ்பாவை முழங்கால் போடச் சொல்லி அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்கச் சொன்னேன். தலையில் கையை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவேயில்லை. நான்தான் மெதுவாக விலக்கினேன். அதிலிருந்து பெண்ணுக்குத் தலை கொதிக்கிறது. தண்ணீர் வேணும், தண்ணீர் வேணும் என்கிறாள். உச்சியில் அவர் கை அப்படியே பச்சையாக விழுந்திருக்கிறது, பாதி விரலோடு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், தேங்காய் எண்ணெய் போட்டேன், சீயக்காய் தேய்த்தேன். போகவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது, இந்தத் தலையில் எப்படிக் கொண்டை போட்டுப் பூ வைப்பது?

எதற்கும் போகாத கையைக் கடைசியில் எதைக்கொண்டோ போக்கினேன் என்று நீ எழுதியிருக்கிறாய். அது எது என்ற இடத்தில்தான் அவர் விரலை வைத்துக்கொண்டிருந்தார். பச்சை படிந்து அங்கிருந்து கீழே ஓர் எழுத்தும் தெரியவில்லை. அவரைக் கேட்டேன், சிரிக்கிறார்.

எதைப் போட்டாய் என்று இந்தக் கடிதம் கண்டதும் எழுது, தம்பி. அது எதுவானாலும் உடனே புஷ்பா தலைக்குப் போட்டுவிடுகிறேன்.

உன் அண்ணி
இன்னாசியம்மாள்